நீ ஏறாத கோபுரம்

என் பிள்ளைக்கு,

நீ ஒஷாவாவுக்குக் குடிபோய் இன்றோடு ஐந்து கிழமை. உன் அறையில் கட்டிலும் பழைய மேசையும்தான் மிச்சம். உடுப்புக் காயப்போடும் கம்பியை அம்மா அதற்குள் கொண்டுபோய் வைத்துவிட்டாள். நீ வரும் சனிக்கிழமைகளில் எடுத்துவிடுவாள், கவலைப்படாதே. போனில் நான் உன்னோடு பேசுவது எப்படி என்று உனக்குத் தெரியும்: சாப்பிட்டாயா, கார் ஒழுங்காக ஓடுகிறதா, இந்தா அம்மாவிடம் கொடுக்கிறேன். என்னிடம் உள்ள சரக்கு அவ்வளவுதான். அதனால்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் நீ எழுத்துக் கூட்டி ஆறுதலாக வாசிப்பாய், பாதியில் 'ஓகே அப்பா' என்று சொல்லித் தப்பவும் முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு கேள்வி கேட்டாய். நீ படிப்பிக்கும் பள்ளிக்கூடம் பிள்ளைகளைத் தெரிந்து எடுக்கும் பள்ளிக்கூடம் என்றும், இந்த வருடம் விண்ணப்பம் வாசிக்கும் ஆசிரியர்களில் உன்னையும் போட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னாய். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "அப்பா, ரெண்டு பிள்ளையள் ஒரே கட்டுரையை எழுதியிருக்கினம். வசனத்துக்கு வசனம் அப்பிடியே. நான் என்ன செய்யிறது?" என்று கேட்டாய். நான் "ம்" என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உன்னோடு வேலை செய்பவர்கள் அத்தனை பேர் இருக்க, ஒரு விண்ணப்பமும் வாசித்தறியாத என்னிடம் அதை ஏன் கேட்டாய் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இத்தனை வருடமாக நாங்கள் இருவரும் அந்தக் கதையைச் சுற்றி நடந்தே வந்திருக்கிறோம். இன்றைக்கு நான் அதற்குள்ளே போகப் போகிறேன்.

அப்போது நீ எட்டாம் வகுப்பு. வோபர்ன் பகுதியில், பதினோராம் மாடியில் இருந்தோம். யன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலையில் எனக்குப் பின்னேர வேலை. உன் வகுப்பாசிரியர் மிஸ்டர் பால்மர் ஒரு தாள் கொடுத்தனுப்பினார். இந்த ஊரில் ஒன்பதாம் வகுப்புக்கு வீட்டு விலாசத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடம் தருவார்கள், ஆனால் சோதனை வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் பள்ளிக்கூடங்களும் சில இருக்கின்றன, அதில் ஒன்றுக்கு உங்கள் மகன் விண்ணப்பிக்கலாம் என்று எழுதியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் ஐந்தாம் வகுப்பில் புலமைப் பரிசில் சோதனை, பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வெட்டுப்புள்ளி என்று வளர்ந்தவன் நான். பள்ளிக்கூட அனுமதி என்றால் எனக்குத் தெரிந்தது இரண்டே இரண்டுதான்: ஒன்று மார்க், மற்றது ஆளைத் தெரிந்திருப்பது.

நவம்பரில் அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில் பெற்றோருக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். அனுமதிக்குப் பொறுப்பான ஆசிரியை மிஸிஸ் கார்வி, மெலிந்த உயரமான பெண், எல்லாவற்றையும் விளக்கினார். ஏழாம் வகுப்பின் கடைசி ரிப்போர்ட்டும் எட்டாம் வகுப்பின் முதல் ரிப்போர்ட்டும் வேண்டும். வகுப்பாசிரியர் பிள்ளையைப் பற்றி ஒரு தாள் நிரப்புவார், அது எங்கள் கையில் படாமல் நேரே போகும். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை சோதனை. முதலில் கணக்கு, பிறகு அந்த இடத்திலேயே ஒரு தலைப்புத் தருவார்கள், பிள்ளை ஒரு பக்கம் எழுத வேண்டும். பெயரை மறைத்து இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே வாசிப்பார்கள். பெப்ரவரியில் கடிதம் வரும், ஒரு கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். யாராவது வேண்டாம் என்றால் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போகும். கடைசியில் அவர் சொன்னது, "பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று பார்க்கத்தான் எழுத வைக்கிறோம். தயவுசெய்து பயிற்சிக்கு அனுப்பாதீர்கள்." எனக்குப் பக்கத்தில் இருந்த நம்மவர் ஒருவர் என் காதுக்குள் குனிந்தார். "உது சும்மா சொல்லினம் அண்ணை. அனுப்பாதேங்கோ எண்டால் ஆர் அனுப்பாமல் விடப்போயினம்?" என்று சிரித்து, ரியூஷன் மாஸ்டரின் நம்பரைத் தாளில் எழுதித் தந்தார். நானும் ஏதோ பெரிய இரகசியம் கிடைத்தது மாதிரி மடித்துப் பொக்கெற்றில் வைத்துக்கொண்டேன்.

மாஸ்டரிடம் போக முதலே ஒரு கூத்து நடந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும். ஆசிரியர் நிரப்பும் அந்தத் தாளை நினைத்து ஒரு பெட்டி லட்டோடு மிஸ்டர் பால்மரிடம் போனேன். அவர் நன்றி சொல்லி வாங்கி, வகுப்புக்குள் கொண்டுபோய் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டார். நீ இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. லட்டுக்காக இல்லாமல் உனக்காகவே அந்த மனிதர் நல்லதை எழுதினார் என்று பிறகு அறிந்தேன். அவருக்கு நான் ஒழுங்காக ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

மாஸ்டரின் வகுப்பு பிளாஸாவில், சேலைக்கடைக்கு மேலே, ஞாயிறு தோறும் இரண்டு மணித்தியாலம். மாஸ்டர் கெட்டவர் இல்லை. ஊரில் ஆங்கிலம் படிப்பித்து எத்தனையோ பேரைக் கரையேற்றியவர், அங்கே செய்ததையே இங்கேயும் செய்தார். மாதிரிக் கட்டுரை கொடுத்துப் பாடமாக்க வைத்தார். "எந்தத் தலைப்பு வந்தாலும் இதுக்குள்ள கொண்டுவந்து விழுத்தலாம். முதல் பந்தியையும் கடைசிப் பந்தியையும் மாத்தினால் காணும்," என்றார். உனக்குக் கிடைத்தது கோபுரக் கட்டுரை. ஒரு பையன் நன்கொடைக்காக சி.என். ரவர் என்ற இந்த ஊர்க் கோபுரத்தின் படிகளில் ஏறுகிறான். ஆயிரத்து நூறாவது படியில் அவனுடைய சப்பாத்துக் கயிறு அறுகிறது. திரும்பிவிடலாம் என்று நினைத்தவன், பிறகு மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஏறி முடிக்கிறான். நீ குசினிக்கும் ஹோலுக்கும் இடையில் நடந்து நடந்து ஒப்பித்தாய். அந்த ஆங்கிலத்தில் பாதி எனக்கு விளங்கவில்லை, ஆனாலும் ஒரு சொல்லை நீ விட்டால் பிடித்துவிடுவேன். "எனக்கு இதொண்டும் நடக்கேல்லையே அப்பா," என்றாய் ஒருநாள். "மார்க் நடக்கும்," என்றேன். என் பகிடியை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலம் எப்படிப்பட்டது என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. அம்மாவின் தம்பி வசந்தன் மாமா, மாமி, இரண்டு பிள்ளைகள், நான்கு பேரும் வன்னிக்குள், சண்டைக்கு நடுவில். ஒவ்வொரு ஊராகப் பெயர்ந்து கடலோரத்துக்குத் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தார்கள். வார இறுதிகளில் டவுன்டவுனில் பனிக்குள் சண்டையை நிறுத்தச் சொல்லி எழுதிய மட்டை பிடித்துக்கொண்டு நின்றோம், நீயும் எங்களோடு நின்றாய். சோதனைக்கு முதல்நாள் நான் உன்னைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னேன்: "வன்னி எண்டு ஒரு சொல் வரக்கூடாது. ரோட்டில நிண்டதும் வரக்கூடாது. பிரச்சினை பிடிச்ச ஆக்கள் எண்டு வெட்டிப்போடுவாங்கள்." நீ கேட்டாய், "அப்ப ஏன் நாங்கள் ரோட்டில நிக்கிறம்?" போய்க் கணக்கைச் செய் என்று துரத்தினேன். உலகம் முழுக்கக் கேட்க வேண்டும் என்று கத்துகிற நான், என் பிள்ளையின் வாயை மட்டும் பொத்தினேன். பயம், மகன். அதற்குமேல் அதில் ஒரு தத்துவமும் இல்லை.

சோதனையில் வந்த தலைப்பு, 'நீ உன் மனதை மாற்றிக்கொண்ட ஒரு தருணம்'. நீ கோபுரத்தைக் கொண்டுவந்து விழுத்தினாய். பெப்ரவரியில் காத்திருப்போர் பட்டியல் என்று கடிதம் வந்தது. நான் கோபத்தில் வீட்டுக்குள் துள்ளினேன். நிறத்தைப் பார்த்தார்கள், பெயரைப் பார்த்தார்கள் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். பெயரை மறைத்துத்தான் வாசிப்பார்கள் என்று நீ மெல்லச் சொன்னதற்கும் உன்மேல் பாய்ந்தேன். அதன்பிறகு பள்ளிக்கூடக் கதையே வீட்டில் இல்லை. பங்குனி, சித்திரை என்று அங்கே நிலம் சுருங்கச் சுருங்க, இங்கே அம்மா போனுக்குப் பக்கத்தில் நிலத்தில் படுக்கத் தொடங்கினாள்.

மே மாதம் மிஸிஸ் கார்வி போன் எடுத்தார். ஒரு இடம் வந்திருக்கிறது, அடுத்தது உங்கள் மகன்தான், ஆனால் அதற்குமுன் எழுத்துத் தாளைப் பற்றி உங்கள் இருவரோடும் பேச வேண்டும் என்றார். திங்களும் சேர்த்து லீவு வரும் லோங் வீக்கெண்ட் முடிந்த செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. அந்த லோங் வீக்கெண்டில்தான் வன்னியில் எல்லாம் முடிந்தது என்று செய்தி வந்தது. மாமாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. திங்கள் பொழுதுபடும் நேரம் பூங்காவில் வாணவெடி கொளுத்தினார்கள். நான் பல்கனிக்கு ஓடிப்போய், எங்கள் சனம் செத்துக் கிடக்க வெடி கொளுத்துகிறார்களே என்று கீழே பார்த்துக் கத்தினேன். நீ வந்து என் சேர்ட்டைப் பிடித்து உள்ளே இழுத்தாய். "அப்பா, அது விக்டோரியா டே. எவ்ரி இயர் செய்யிறது. அவையளுக்கு ஒண்டும் தெரியாது, அப்பா." பதின்மூன்று வயது உனக்கு. அன்றைக்கு அந்த வீட்டில் நிதானமாக இருந்த ஒரே ஆள் நீதான்.

மறுநாள் காலை நான் போவதில்லை என்று முடிவெடுத்தேன். "செத்த வீடு மாதிரிக் கிடக்கு, இதுக்குள்ள பள்ளிக்கூடமும் மண்ணாங்கட்டியும்," என்றேன். நீ, போட்டிருந்த சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினாய். அம்மா படுத்திருந்த இடத்தில் இருந்து தலையைத் தூக்கினாள். "கூட்டிக்கொண்டு போங்கோ. போனைப் பாத்துக்கொண்டு இருக்க நான் ஒருத்தி காணும்," என்றாள். நீ படித்து வந்த அத்தனைக்கும் தொடக்கம் அந்த ஒரு வசனம்தான். அம்மாவுக்கு நான் கடமைப்பட்டவற்றை எழுத இந்தக் கடிதம் போதாது, இது ஒன்றை மட்டும் எழுதி வைக்கிறேன்.

மிஸிஸ் கார்வியின் அறையில் மூன்று கதிரை. மேசையில் உன் தாள். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார், "இதை இவரே எழுதினாரா?" அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் நிமிர்ந்து இருந்து, "ஓம் மிஸ், இவரே எழுதினது. இவர் கோபுரத்தில் ஏறினவர்," என்று என் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அதோடு விட்டேனா? "நான் கீழே நின்றேன், இவருடைய ஜாக்கெற்றைப் பிடித்துக்கொண்டு," என்றும் சேர்த்தேன். அந்த ஜாக்கெற் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நீ தமிழில், குனிந்தபடி, "அப்பா, ப்ளீஸ், வேண்டாம்," என்றாய். பிறகு அவரைப் பார்த்து ஆங்கிலத்தில், நாங்கள் ஒருநாளும் அந்தக் கோபுரத்துக்குப் போனதில்லை, இது பாடமாக்கிய கட்டுரை, என்றாய். யார் பாடமாக்க வைத்தது என்று நீ சொல்லவில்லை. மிஸிஸ் கார்வி, தனக்குத் தெரியும் என்றார். அந்தச் சனிக்கிழமைச் சோதனையில் நான்கு பிள்ளைகளுக்கு ஒரே படியில் சப்பாத்துக் கயிறு அறுந்திருக்கிறதாம். இன்னொரு வேளையென்றால் நானும் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு என் காது இரண்டும் கொதித்தது. பிள்ளைக்கு முன்னால் பொய் சொல்லிப் பிள்ளையிடமே பிடிபட்ட தகப்பனாக அந்தக் கதிரையில் இருந்தேன்.

அவர் எங்களை அனுப்பிவிடவில்லை. உன்னிடம் வெறுந்தாள் ஒன்றை நீட்டி, தலைப்பு ஒன்றும் இல்லை, இந்தக் கிழமை உன் மனதில் இருப்பதை எழுது, என்றார். உள்ளே நாற்பது நிமிடம் நீ எழுதினாய். வெளியே வாங்கில் நான் இருந்தேன். நடுவில் ஒருதரம் கதவு திறந்தது. நீ இன்னொரு தாள் கேட்டிருந்தாய்.

நீ போனில் கேட்டதற்கு இதுதான் மறுமொழி, மகன். உன்னிடம் வந்த அந்த இரண்டு பிள்ளைகளின் கட்டுரையையும் ஒதுக்கி வைக்காதே. பெற்றோரோடு கூப்பிடு. தகப்பன் வந்து உன் முன்னால் ஏதாவது புளுகுவான், ஜாக்கெற் பிடித்தேன் என்றுகூடச் சொல்லுவான், அவனை மன்னித்துவிடு. ஊரில் அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். பிள்ளையிடம் ஒரு வெறுந்தாளைக் கொடு. எழுதியது சரியில்லை என்றால் இல்லை என்று சொல்லு, அது உன் வேலை, அதில் இரக்கம் பார்க்காதே. ஆனால் அந்தத் தாளைக் கொடுக்காமல் விடாதே. மிஸிஸ் கார்வி அந்தத் தாளைத் தராமல் விட்டிருந்தால் நீ கெட்டுப் போயிருக்க மாட்டாய், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து நன்றாகத்தான் வந்திருப்பாய். நான்தான் உன்னை யார் என்று அறியாமலே இருந்திருப்பேன்.

ஏனென்றால் அந்தக் கிழமை முடிவில் இடம் கிடைத்துவிட்டது என்று போன் வந்தது. இரண்டு நாளுக்குள் பெற்றோர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். நான் தனியே போனேன். கையெழுத்து வாங்கிய பிறகு மிஸிஸ் கார்வி நீ எழுதியதன் பிரதியை ஒரு உறையில் போட்டுத் தந்தார். அப்பாவுக்குக் கொடுக்கலாமா என்று உன்னிடம் கேட்டாராம், நான் இல்லாத நேரத்தில் கொடுங்கள் என்றாயாம். பஸ் தரிப்பில் இருந்து வாசித்தேன். விளங்காத சொற்களைக் கோடு போட்டு வைத்து, வேலையில் கூட நிற்கும் பெடியனிடம் கேட்டு, பிறகு திரும்ப வாசித்தேன். மறுநாள் காலை நீ என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆடி மாதம், முகாமில் இருந்து மாமியின் கடிதம் வந்தது. அவவும் பிள்ளைகளும் உயிரோடு, மாமா இல்லை. அதற்குப் பிறகு அந்தத் தாளைப் பற்றிப் பேச வீட்டில் இடம் இருக்கவில்லை. பிறகு பேசலாம் என்று விட்டதில் நீ வளர்ந்துவிட்டாய்.

நீ மாமாவைப் பற்றி எழுதியிருந்தாய். போன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம் என்று எழுதியிருந்தாய். அம்மா நிலத்தில் படுப்பதை எழுதியிருந்தாய். இரண்டாவது தாளில் என்னைப் பற்றி. அப்பா இரவு வேலையால் வந்து, காலையில் என்னோடு கணக்குச் செய்துவிட்டு, வார இறுதியில் பனிக்குள் நிற்கிறார், அவர் எப்போது நித்திரை கொள்கிறார் என்று எனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தாய். இன்றைக்கு அவர் உங்களிடம் பொய் சொன்னார், அவர் வழக்கமாகப் பொய் சொல்பவர் இல்லை என்று எழுதியிருந்தாய். எல்லாவற்றுக்கும் கீழே, இடம் போதாமல் சின்ன எழுத்தில், ஆசிரியைக்கு ஒரு வேண்டுகோள். எனக்குத் தெரிந்த தமிழில் அதை இங்கே தருகிறேன்:

"எனக்கு இடம் தராவிட்டால், கணக்கில் மார்க் போதவில்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால், தான் சொன்ன பொய்யால்தான் கிடைக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டே இருப்பார்."

உனக்குக் கணக்கில் நூற்றுக்கு நூறு, மகன். எனக்காக அதையும் விட்டுக்கொடுக்க இருந்தாய். இவ்வளவு காலம் பிந்திவிட்டது, ஆனாலும் சொல்கிறேன். நன்றி, ராசா.

அப்பா